மீன் குழம்பு கலர் பூட்ஸ்

இந்த முறை பட்டுப் புடவை கிடையாது என்று சூரியபிரகாஷ் முடிவெடுத்தபோது அவன் குளியலறையில் இருந்தான். முக்கியமான முடிவுகளை அவன் அங்கேதான் எடுப்பான். அந்த வீட்டில் உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே அறை அது.

மச்சினன் ராஜேஷுக்குக் கல்யாண ரிசப்ஷன், வேலூரில். பத்திரிகை வந்து ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்திருந்தது. மனைவி பூர்ணிமா அதைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து வைத்தாள். துடைக்கும்போது பீரோவை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள். அவள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சூரியபிரகாஷைக் குளியலறைக்குத் துரத்தியது.

அவனுக்குப் பட்டுக்கடை என்றாலே பயம். வெள்ளை மெத்தையில் உட்கார வைப்பார்கள். கையில் ஒரு கூல் டிரிங்க்ஸைத் திணிப்பார்கள். மடியில் பைகளை அடுக்குவார்கள். "சார் முகத்துல திருப்தி இல்லியே, இன்னும் கொஞ்சம் உசந்ததா காட்டட்டுமா?" என்பார்கள். அவன் முகத்தில் திருப்தி இருந்து யாரும் பார்த்ததில்லை. அது கடைக்காரர்களுக்குத் தெரியாது.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு ஃபேக்டரியில் அவன் உதவி மெர்ச்சண்டைசர். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் என்ன கேட்கிறார் என்று ஃபேக்டரிக்குச் சொல்ல வேண்டும். அது ஏன் முடியாது என்று ஃபேக்டரி சொல்வதை பையருக்குச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் பயப்பட வேண்டிய உத்தியோகம். அதற்கென்றே பிறந்தவன் போல இருந்தான்.

அவனுக்கு ஆயுதம் கொடுத்தது அந்த பையர்தான். ஒரு நாள் வீடியோ மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டினார். இனிமேல் ஜனங்கள் சீசனுக்குச் சீசன் எல்லாவற்றையும் புதிதாக வாங்கப் போவதில்லை; வீட்டில் இருக்கும் நல்ல துணிகளையே வைத்துக்கொண்டு, அவற்றோடு சேர்த்துப் போட ஒரே ஒரு புதுப் பொருள் மட்டும் வாங்குவார்கள் என்றார். ஆர்டர் குறையுமே என்று ஃபேக்டரியே முகம் வாடிப் போனது. சூரியபிரகாஷ் மட்டும் அந்தப் படத்தைத் தன் போனில் பத்திரப்படுத்திக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, தலை துவட்டியபடியே குளியலறையை விட்டு வெளியே வந்தான்.

"பூர்ணிமா, இங்க வா. ஒண்ணு காட்றேன்."

"கைல மாவு. அங்கயே இருந்து சொல்லுங்க."

அவன் சமையலறை வாசலுக்குப் போய்ப் போனை நீட்டினான். படத்தில் ஒரு வெள்ளைக்காரி நின்றாள்.

"இந்தம்மாவைப் பாரு. கோட்டு பழசு. பேண்ட் பழசு. சட்டையும் பழசு."

"ஐயோ பாவம். புருஷன் இல்லியா?"

"புருஷன்லாம் இருக்கான். இதுதான் ஃபேஷன். கிளாசிக் வார்ட்ரோப்னு பேரு. பீரோல இருக்கற நல்ல துணி அப்படியே இருக்கும். சீசனுக்கு ஒரே ஒரு புது ஐட்டம். அத பழசோட சேத்துப் போட்டா மொத்தமும் புதுசா தெரியும்."

"மொத்தமுமா?"

"மொத்தமும். இத்தாலில இப்ப எல்லாரும் இப்படித்தான்."

"இத்தாலில தம்பி கல்யாணம்னா?"

"தம்பி கல்யாணத்துக்கும் இப்படித்தான்." குரலை இறக்கினான். "உங்கம்மா குடுத்த ஆரணிப் பட்டு இருக்குதுல்ல? மாம்பழ கலர், பச்ச பார்டர். அதுதான் கிளாசிக். அதோட ஒரே ஒரு சீசன் ஐட்டம் சேத்துக்க. ரிசப்ஷன்ல அசந்துடுவாங்க."

பூர்ணிமா மாவை உருட்டினாள். உருண்டையைத் தட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

"எதுவா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும். உன் இஷ்டம்."

"சரிங்க."

சண்டை போட்டிருந்தால் அவன் நிம்மதியாகச் சப்பாத்தி தின்றிருப்பான். அந்தச் 'சரிங்க' தொண்டையில் நின்றது. பெண் பார்த்த நாளிலிருந்து பூர்ணிமா இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னது இதற்கு முன் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். அது கல்யாணத்துக்கு. அதிலும் கடைசியில் ஜெயித்தது யார் என்பது இன்னும் முடிவாகவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பின்னால் ஒரு சங்கதி உண்டு. ஷூ உலகத்தில் பெண்களுக்கான சாம்பிள்களை முப்பத்தேழாம் நம்பரில்தான் செய்வார்கள். அந்தக் கால் இருப்பவர் போட்டு நடந்து பார்த்து, எங்கே பிடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று சொல்ல வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று எல்லாரும் பூர்ணிமாவின் முகத்தைப் பார்த்தார்கள். சூரியபிரகாஷ் காபி டம்ளருக்குக் கீழே அவள் காலைப் பார்த்தான். "அச்சா முப்பத்தேழு" என்று தன்னை மறந்து முணுமுணுத்தான். "ஐயோ, பொண்ணுக்கு இருபத்துமூணுதாங்க ஆவுது" என்று மாமியார் பதறினார்.

அந்தக் கால்தான் அவனுக்குச் சோறு போட்டது. சாம்பிள் ஷூவை யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டு வருவான். பூர்ணிமா போட்டு நடப்பாள். "சுண்டுவெரல்ல கவ்வுது. மேல தையல் உறுத்துது" என்பாள். மறுநாள் மேனேஜர் அந்தோணி சாருக்கு முன்னால் அவன் அதே ஷூவை மேசையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி, கண்ணை மூடி, "சுண்டுவிரல்ல கவ்வும் சார். மேல தையல் உறுத்தும்" என்பான். பையரின் ஆளும் அதையே சொல்வார்.

"எப்படிய்யா கண்டுபுடிக்கற? உன் கால் நாப்பத்திமூணு, உனக்கு எப்படிய்யா பொம்பள செருப்பு தெரியுது?" என்று அந்தோணி சார் வியப்பார்.

"எக்ஸ்பீரியன்ஸ் சார்."

அந்தக் கட்டைவிரலை நம்பித்தான் சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு அவன் பெயரை அந்தோணி சார் எழுதி வைத்திருந்தார். ரிசப்ஷனுக்கு மறுநாள் பையர் நேரில் வருகிறார். வந்து, பார்த்து, திருப்தியாகப் போய்விட்டால் வேலை உறுதி. உறுதியாகும்வரை அவனுக்குச் சோறு இறங்காது. உறுதியான பிறகும் இறங்குமா என்பது சந்தேகம்தான்.

அந்த வாரம் புது பூட்ஸ் ஜோடி தயாரானது. கணுக்கால் வரை ஏறும், பக்கத்தில் ஜிப், அடியில் கட்டையான ஹீல். அடுத்த வருஷக் குளிர்காலத்துக்கான சரக்கு. ஃபைலில் அந்த நிறத்துக்கு வாயில் நுழையாத இத்தாலியப் பெயர் ஒன்று இருந்தது. தோலைச் சாயத்தில் ஊற வைக்கும் ஆட்கள் ஒரே பார்வையில் அதற்கு மீன் குழம்பு என்று பெயர் வைத்தார்கள். அதுவும் ராத்திரி வைத்து, மறுநாள் எண்ணெய் மிதக்கும் மீன் குழம்பு. அவ்வளவு பொருத்தம். அந்த நிறம் வெளியே தெரியக் கூடாது என்பது பையரின் கண்டிப்பு. தெரிந்தால் பக்கத்து ஃபேக்டரிக்காரர்கள் அவருக்கு முன்னால் அதைச் செய்து வேறொருவருக்கு விற்றுவிடுவார்கள்.

பாஸ் எழுதி வாங்கி வெளியே எடுத்துப் போகலாம். ஆனால் எதற்கு என்று கேட்பார்கள். சொன்னால் கட்டைவிரலின் மானம் போகும். ஆகவே ஒரு பூட்ஸ் ஹெல்மெட்டுக்குள் போனது. இன்னொன்று மழைக்கோட்டுக்குள்.

"இந்த வெயில்ல மழைக்கோட்டு ஏன் சார்?" என்று கேட்டார் கேட் செக்யூரிட்டி.

"மேகமூட்டமா இருக்குது."

செக்யூரிட்டி அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. அவர் தலையை இறக்குவதற்குள் சூரியபிரகாஷ் பைபாஸ் ரோட்டுக்கு வந்துவிட்டான். வீடு சேரும்வரை முதுகில் வேர்த்தது வெயிலால் இல்லை.

பூர்ணிமா ஜிப்பை இழுத்தாள். எழுந்து நின்றாள். கூடத்தில் நடந்தாள். டக். டக். டக்.

"குதிகால்ல லேசா வழுக்குது. மத்தபடி பூ மாதிரி இருக்குதுங்க."

"குதிகால்ல வழுக்குது" என்று அவன் மனப்பாடம் செய்துகொண்டான். "சரி, கழட்டு."

அவள் கழற்றவில்லை. நைட்டியை ஒரு சாண் தூக்கிப் பிடித்துக்கொண்டு பீரோக் கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"இதுதாங்க."

"எது?"

"என்னோட ஒரே ஐட்டம். ஆரணிப் பட்டுக்கு எடுப்பா இருக்கும்."

சூரியபிரகாஷ் ஜிப்பைப் பிடிக்கக் குனிந்தான்.

"விளாடாத. இது சாம்பிள்! அடுத்த வருஷ விண்டருக்கு!"

"வேலூருக்கு விண்டர் எந்த வருஷம் வந்துச்சு? எப்ப போட்டா இன்னா?"

"பட்டுப் பொடவைக்கு அடில பூட்ஸா?"

"இத்தாலிக்காரி போட்டா ஃபேஷன். நான் போட்டா பூட்ஸா?"

"பையர் வர்றாரு. அன்னிக்கு இது டேபிள்ல இருக்கணும்."

"ரிசப்ஷன் ஞாயித்துக்கெழம. பையர் திங்கக்கெழம. தொடச்சிக் குடுத்துடறேன்."

"யாராவது பாத்துட்டா?"

"பொடவைக்கு அடில யாருங்க பாக்கப் போறா?"

யார் பார்க்கப் போகிறார்களா! மற்ற ஊரில் எதிரே ஆள் வந்தால் முகத்தைப் பார்ப்பார்கள். ஆம்பூரில் முதலில் காலைப் பார்ப்பார்கள். அப்புறம் நேரமிருந்தால் முகம். துக்க வீட்டில் அழுதுகொண்டே போய் வாசலில் கிடக்கும் செருப்புகளைக் காலால் புரட்டி, "லைனிங் பன்றித் தோலு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு மறுபடி அழுகிற ஊர். ரிசப்ஷனுக்கோ ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி என்று தோல் பதனிடுகிற, சாயம் போடுகிற, ஷூ தைக்கிற சனம் மொத்தமும் வரும். எல்லாரையும் விட மோசம், ஷோயப் வருவார். ராஜேஷின் பள்ளிக்கூட தோஸ்த். போட்டி ஃபேக்டரியில் டிசைனர். இருபதடி தூரத்தில் ஒரு செருப்பைப் பார்த்தால் எந்த ஊர் தோல் என்று சொல்லுகிற கண்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தான். பூட்ஸ் இல்லை.

"எங்க வெச்ச?"

"பத்திரமா இருக்குது."

"பூர்ணி, அந்தோணி சார் கேப்பாரு."

"கட்டவெரல்ல அழுத்திப் பாத்துட்டு இருக்கேன்னு சொல்லுங்க."

அவள் ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து அவன் தேடினான். அரிசி டப்பாவில் முழங்கை வரை கையை விட்டான். பரண்மேல் ஏறி, இறங்கத் தெரியாமல் நின்றான். வாஷிங் மெஷினுக்குள் தலையை நுழைத்தான். ஃப்ரீசரைத் திறந்து பார்த்தான், பட்டாணிதான் இருந்தது. கட்டிலை இழுத்தபோது கீழ்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"இன்னா சார், எலியா?"

பிரிசில்லா அக்கா. அவன் கட்டிலை அப்படியே விட்டான். அதே ஃபேக்டரியில் சாம்பிள் ரூம் மொத்தமும் அந்த அக்கா பொறுப்பில்தான். ஒரு லேஸ் காணாமல் போனாலும் தெரியும். நல்லவேளை, அன்று அவருக்கு மதிய ஷிஃப்ட்.

"ஆமாக்கா! எலி!"

"பூர்ணிமா ஒண்ணும் சொல்லலியே."

"புது எலிக்கா. இன்னிக்குத்தான் வந்துச்சு."

அன்றிலிருந்து அவன் ஃபேக்டரியில் சாம்பிள் ரூம் பக்கமே போகவில்லை. கேண்டீனுக்குப் போக வேண்டுமென்றால் பேக்கிங் செக்ஷனைச் சுற்றி, ஜெனரேட்டர் ரூமைத் தாண்டி, லாரிக்குப் பின்னால் புகுந்து போனான். டீ ஆறிவிடும். பிரிசில்லா அக்கா எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "எஸ், எஸ், ஷூர்" என்பான். போன் தலைகீழாக இருக்கும்.

"சார், அந்த பூட்ஸ் விஷயமா..." என்று ஒரு நாள் அக்கா வராண்டாவில் மடக்கினார்.

"மீட்டிங்க்கா!"

"எந்த மீட்டிங்கு? இன்னிக்கு லீவு மாதிரி எல்லாரும் ஒக்காந்துட்டு இருக்காங்களே?"

"ஆன்லைன்!" என்று சொல்லிவிட்டு ஓடியவன் ஆண்கள் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். அங்கே உட்கார்ந்து இன்னொரு முக்கிய முடிவு எடுத்தான்.

"பூர்ணிமா, பூட்ஸக் குடுத்துடு. பதிலா வேற ஒரு ஐட்டம் வாங்கித் தர்றேன்."

"வேற இன்னா?"

"ஹேண்ட்பேக்?"

"தோல் ஊர்ல இருந்துட்டுத் தோல் பையா? கடலோரத்துல இருக்கறவனுக்கு மீனக் காட்டற மாதிரி."

"சரி, ப்ளவுஸ். ஆரணிப் பட்டுக்கு ஆரி ஒர்க் வெச்சு புது ப்ளவுஸ். வேலூர்ல லாங் பஜார்ல துணி எடுக்கலாம்."

"பாத்துட்டு சொல்றேன்" என்றாள் பூர்ணிமா. பாத்துட்டு சொல்றேன் என்றால் வேலூர் போக வேண்டும் என்று அர்த்தம். போனார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவன் அவள் காலைப் பார்த்தான். தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. அந்தச் செருப்பைப் பார்த்து அவ்வளவு ஆறுதல் அடைந்த மனுஷன் அன்றைக்கு வேலூரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான். ஆனால் அவள் தோளில் ஒரு துணிப்பை தொங்கியது. கனமாகத் தொங்கியது. கூட்டத்தில் இடிபடுகிற சாக்கில் பையைத் தொட்டுப் பார்த்தான். கட்டையாக ஏதோ இருந்தது. ஹீல்!

"இன்னாங்க தடவறீங்க? தேங்கா. அம்மாவுக்கு."

லாங் பஜாரில் ஒரு பக்கம் டூவீலர்கள், ஒரு பக்கம் தள்ளுவண்டிகள், நடுவில் மிச்சமிருந்த ஓரடி இடத்தில் ஜனம். அந்த ஓரடியில் எதிரே வந்தவர் ஷோயப்.

"அடடே! சூர்யா பாய்! இன்னா இந்தப் பக்கம்?"

"சும்மா பாய். ப்ளவுஸ்."

"உங்களுக்கா?"

"வீட்ல."

"பையர் வர்றாராமே உங்களுக்கு. இந்தத் தடவ இன்னா கலரு?"

"கலரா? கலர்லாம் இல்ல பாய். இந்த சீசன் கலரே கெடையாது."

"கலரே இல்லாம ஷூவா? இன்னா பாய், கண்ணாடில செய்றீங்களா?" ஷோயப் சிரித்துவிட்டுப் பூர்ணிமா பக்கம் திரும்பினார். "நல்லா இருக்கியாமா? பேஜார் புடிச்ச ஆளா இருக்காரே உன் வீட்டுக்காரரு."

"நல்லா இருக்கேண்ணா. ஞாயித்துக்கெழம ரிசப்ஷனுக்கு வர்றீங்கல்ல?"

"வராம? என் தோஸ்த் கல்யாணம்."

"அவசியம் வாங்கண்ணா." பூர்ணிமா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "வந்தா மறக்காம என் காலப் பாருங்க."

சூரியபிரகாஷின் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டு, அடுத்ததையும் தவறவிடலாமா என்று யோசித்தது.

"கால்ல இன்னாம்மா?"

"அத நான் சொல்லக் கூடாது. நீங்கதான் பாத்துச் சொல்லணும். அதோட அரும மத்தவங்களுக்குத் தெரியாது."

ஷோயப் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். அப்படி ஏற்றினால் எதையோ அளக்கிறார் என்று அர்த்தம். குனிந்து ரப்பர் செருப்பை ஆராய்ந்தார்.

"இப்ப ஒண்ணும் இல்லியே."

"ஞாயித்துக்கெழமண்ணா."

அந்த நேரம் ஒரு வெங்காய வண்டி குறுக்கே புகுந்திராவிட்டால் சூரியபிரகாஷ் பஜார் நடுவில் அழுதிருப்பான். வண்டி போனதும், அழுதாலும் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதற்குள் ஷோயப் கையாட்டிவிட்டுக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

அவன் பூர்ணிமாவின் கையைப் பிடித்தான்.

"வா."

"எங்கங்க?"

"பட்டுக்கடைக்கு."

"எதுக்கு? ப்ளவுஸ் துணி இந்தக் கடையிலயே கெடைக்குதே."

"புதுப் பொடவ எடுத்துக்க."

"ஐயோ, வேணாங்க. ஆரணிப் பட்டு இருக்குது, கிளாசிக்கா..."

"கிளாசிக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம். பொடவ எடுத்துக்க. அதுக்கு ப்ளவுஸ் எடுத்துக்க. ஆனா கால்ல செருப்பு போட்டுக்க. செருப்பு! எல்லாரும் போடற மாதிரி செருப்பு!"

"நீங்களாத்தான சொல்றீங்க?"

"நானாத்தான் சொல்றேன்."

"அப்புறம் நான் கேட்டு வாங்கினேன்னு எங்கம்மாகிட்ட சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். வா!"

வெள்ளை மெத்தை. கூல் டிரிங்க்ஸ். மடியில் தேங்காய்ப் பை. கடைக்காரர் புடவைகளை விசிறினார். பூர்ணிமாவுக்கு அவசரமே இல்லை. ஒன்றைத் தோளில் போட்டாள், எடுத்தாள், ஓரத்தில் வைத்தாள், மறுபடி எடுத்தாள். "இதுதாம்மா இப்ப போற கலரு" என்று கடைக்காரர் கத்திரிப்பூ நிறத்தில் ஒன்றை விரித்தார். அதில் வெள்ளி ஜரிகை மின்னியது. சூரியபிரகாஷுக்கு விலைச்சீட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. விட்டத்தைப் பார்த்தான்.

"சார் முகத்துல திருப்தி இல்லியே. இன்னும் கொஞ்சம் உசந்ததா..."

"திருப்தி! திருப்தி! இதையே கட்டுங்க!"

வெளியே வந்ததும் பூர்ணிமா பையை அணைத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏங்க, நீங்க சொன்னத நான் மீறல, தெரியுதா? இந்தப் பொடவதான் ஒரே ஒரு சீசன் ஐட்டம். கழுத்துக்கு அதே பழைய செயினு. கைக்கு அதே பழைய வளையலு. காதுக்கு அதே கம்மலு. எல்லாம் கிளாசிக். பொடவ ஒண்ணுதான் புதுசு. இத்தாலிக்காரி மாதிரியே."

அந்தக் கணக்கில் தப்பு இருந்தது. எங்கே என்றுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்.

"பூட்ஸ எப்ப குடுப்ப?"

"ரிசப்ஷன் முடியட்டும்."

"அதான் பொடவ எடுத்தாச்சே!"

"டெய்லர் ப்ளவுஸக் கெடுத்துட்டா? கைல ஒண்ணு இருக்கட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மண்டபத்தில் சீரியல் விளக்கு, பன்னீர், பாட்டு. பூர்ணிமா கத்திரிப்பூப் பட்டில் வந்தாள். நான்கு பெண்கள் சூழ்ந்துகொண்டு முந்தானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சூரியபிரகாஷ் புடவையைப் பார்க்கவில்லை. புடவை தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் அவன் கவலை. வீட்டிலிருந்து கிளம்பும்போது அவள் அறையைச் சாத்திக்கொண்டுதான் உடுத்தினாள். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். ஆட்டோவில் மடியில் பூக்கூடை. ஒரு தடவைகூடக் கால் கண்ணில் படவில்லை.

டக். டக். டக்.

அவன் துள்ளித் திரும்பினான். யாரோ ஒரு மாமி ஹீல்ஸ் போட்டுக்கொண்டு பாயசம் வாங்கப் போனாள்.

டக். டக்.

மேளக்காரர் குச்சியைத் தட்டிப் பார்த்தார்.

அப்போதுதான் வாசலில் ஷோயப் தெரிந்தார். கையில் பரிசுப் பொட்டலம். மாப்பிள்ளையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், பிறகு நேராகப் பூர்ணிமாவை நோக்கி நடந்தார். நடந்துகொண்டே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

சூரியபிரகாஷ் ஓடினான். சாப்பாட்டுப் பந்திக்குப் போகும் வரிசையைக் கிழித்துக்கொண்டு ஓடினான். ஒரு பெரியவரின் தாம்பூலப் பை பறந்தது. பூர்ணிமாவுக்கு முன்னால் போய் நின்று, நிற்பது போதாதென்று, மோதிரம் விழுந்தவனைப் போலக் குனிந்து இரண்டு கைகளையும் தரையில் விரித்தான்.

"பாய்! வாங்க பாய்! சாப்ட்டீங்களா பாய்?"

"இன்னா பாய், இது வரவேற்பா, நமாஸா? கொஞ்சம் தள்ளுங்க. தங்கச்சி காலப் பாக்கச் சொல்லுச்சு."

"பாருங்கண்ணா" என்றாள் பூர்ணிமா. புடவையை இரண்டு விரல் அளவு தூக்கினாள்.

சூரியபிரகாஷ் கண்ணை இறுக மூடிக்கொண்டான். சீனியர் வேலை போனது. இருக்கிற வேலையும் போனது. ஊரை விட்டே போய் அரக்கோணத்தில் ரயில்வே பிளாட்பாரத்தில் டீ விற்கும் தன்னை அவன் தெளிவாகப் பார்த்தான். அதிலும் சர்க்கரை ஜாஸ்தி என்று யாரோ திட்டினார்கள்.

"ரெக்ஸின்" என்றார் ஷோயப்.

ஆம்பூர்க்காரர் ஒருவர் அந்தப் போலித் தோலின் பெயரை உச்சரிக்கும் விதத்தில் ஒரு மரண அறிவிப்பு இருக்கும். சூரியபிரகாஷ் ஒரு கண்ணைத் திறந்தான். மெலிசான தங்க நிறச் செருப்பு. பஜாரில் குவித்துப்போட்டு விற்கிற செருப்பு.

"எப்படிண்ணா இருக்குது?"

"கம்மி வெலைக்கு நல்லாத்தாம்மா இருக்குது" என்று ஷோயப் மரியாதைக்குச் சொன்னார். "பொடவதான் சூப்பரு." கண்ணாடியை இறக்கிவிட்டுப் பிரியாணி வாசனை வந்த திசையில் போனார்.

சூரியபிரகாஷ் தரையிலிருந்து மெல்ல எழுந்தான். முழங்காலில் சந்தனம்.

"பூட்ஸ் எங்க?"

"எந்த பூட்ஸு?"

"பூர்ணிமா! நாளைக்குக் காலைல பையர் டேபிள்ல இருக்கணும்!"

"அதுவா? அது அன்னிக்கே போய்டுச்சேங்க."

"எங்க போச்சு?"

"சாம்பிள் ரூமுக்கு." இந்தப் பதில் பின்னாலிருந்து வந்தது. பிரிசில்லா அக்கா, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு நின்றார். "நீங்க தூங்கி எழறதுக்குள்ள பூர்ணிமா என்கிட்ட குடுத்துட்டா. மதிய ஷிஃப்ட்டுக்கு வரும்போது எடுத்துட்டு வந்து ரேக்ல வெச்சுட்டேன். உள்ள எடுத்துட்டுப் போறத எந்த செக்யூரிட்டி கேக்கறான் சார்? அத உங்ககிட்ட சொல்லத்தான் நானும் எத்தினி நாளா பின்னாடியே வர்றேன். நீங்க மீட்டிங்கு மீட்டிங்குன்னு ஓடறீங்க."

"அன்னிக்கேவா? எலி..."

"அந்த எலி தேடும்போது பூட்ஸு என் வீட்ல டைனிங் டேபிள் மேல இருந்துச்சு சார்."

அவன் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். சாம்பிள் ரூமை ஒரே ஒரு முறை எட்டிப் பார்த்திருந்தால் போதும். ரேக்கில் முதல் தட்டிலேயே இருந்திருக்கும். ஜெனரேட்டர் ரூம் புகையும் ஆறிய டீயும் நினைவுக்கு வந்தன.

"குதிகால் வழுக்குதே" என்றான் பலவீனமாக.

"லைனிங் மாத்தியாச்சு. அந்தோணி சாரு ஓகே பண்ணிட்டாரு. ஃபிட்டிங் அவ்ளோ அருமைன்னு ஒரே சந்தோஷம். சீனியர் போஸ்ட்டு உங்களுக்குத்தான்னு பேசிக்கறாங்க."

"குதிகால்னு யாரு சொன்னதா..." அவன் இழுத்தான்.

"உங்க கட்டவெரல்தான் சொல்லுச்சுன்னு சொல்லச் சொன்னேன்" என்றாள் பூர்ணிமா. "நம்ம வீட்டு மானத்த நானே வாங்குவேனா?"

"அப்ப எதுக்கு இத்தன நாளும் என்ன..."

"கட்டவெரலுக்குப் பிரமோஷன் வருது. இத்தன வருஷமா நடந்த காலுக்கு ஒண்ணுமே வரலியேங்க." அவள் முந்தானையை எடுத்து அவன் நெற்றி வேர்வையை ஒற்றப் போனாள். புதுப் பட்டு என்று ஞாபகம் வந்து, அவன் கைக்குட்டையையே அவனிடம் கொடுத்தாள்.

மேடையிலிருந்து ராஜேஷ் கூப்பிட்டான். அக்காவும் மாமாவும் போட்டோவுக்கு வர வேண்டுமாம். இருவரும் மேலே ஏறினார்கள். வேலை பிழைத்தது, நிறம் பிழைத்தது, மானமும் பிழைத்தது. சூரியபிரகாஷ் வெகு நாளைக்குப் பிறகு முதுகை நிமிர்த்தினான். தோளை அகட்டினான். ஒரு வருங்கால சீனியர் மெர்ச்சண்டைசருக்கு உரிய புன்னகையைக் கேமராவுக்குக் காட்டினான்.

போட்டோகிராஃபர் கேமராவை இறக்கிவிட்டுக் கையை ஆட்டினார்.

"சார், நீங்க கொஞ்சம் ஓரமா போய்டுங்க. பொடவ மறைக்குது."